நோயுற்ற இடத்திலேயே மருந்து: வயிற்றறைத் தொற்றும் நுண்ணுயிர்க்கொல்லிகளும்

கண்ணில் நோய் கண்டால் கண்ணில் சொட்டு மருந்து விடுகிறோம். தோலில் புண் கண்டால் புண்ணின் மேல் களிம்பு பூசுகிறோம். நோய் எங்கே இருக்கின்றதோ அங்கேயே மருந்தைச் சேர்ப்பது மனித அறிவுக்கு மிக இயல்பாகத் தோன்றும் வழியாகும். அவ்வாறாயின் குடல்வால் வெடித்து வயிறெங்கும் சீழ் பரவிய ஒருவரின் வயிற்றை அறுவை மருத்துவர் திறந்திருக்கும் வேளையில், ஆன்டிபயாடிக் என்று நாம் அன்றாடம் வழங்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை அங்கேயே ஊற்றிவிட்டால் என்ன? ஊசி வழியே இரத்தத்தில் செலுத்தி, அது உடலெங்கும் சுற்றி, அதில் ஒரு பங்கு மட்டும் நோயுற்ற இடத்தை வந்தடையும் வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

இக்கேள்வி புதியதன்று. முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக அறுவை மருத்துவர்கள் இதனைக் கேட்டு வந்துள்ளனர்; தூளாகவும், கரைசலாகவும், பஞ்சு போன்ற தகடாகவும், தையல் நூலில் பூசியும் மருந்தை நேரே இட்டுச் சோதித்துள்ளனர். அம்முயற்சிகளின் வரலாறு, பார்வைக்கு எளிதாகத் தோன்றும் ஓர் எண்ணம் உடலுக்குள் சென்றதும் எத்தகைய சிக்கல்களைச் சந்திக்கின்றது என்பதை விளக்கும் சிறந்த சான்றாகும். மருந்து ஓர் இடத்தைச் சென்றடைவது வேறு; அங்கே அது தன் வேலையைச் செய்வது வேறு. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவை அளந்து காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வயிற்றறையின் அமைப்பு

வயிற்றின் உட்சுவரையும் குடல், இரைப்பை, கல்லீரல் முதலிய உறுப்புகளின் வெளிப்புறத்தையும் ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியுள்ளது. பெரிட்டோனியம் எனப்படும் இவ்வுறையைப் பிரித்து விரிக்க முடியுமானால் அதன் பரப்பு ஏறத்தாழ நம் உடலின் தோற்பரப்பிற்குச் சமமாக இருக்கும்; வளர்ந்த ஒருவரிடம் அது 2 சதுர மீட்டரை நெருங்கும். உடல்நலமுள்ளோரிடம் இந்த உறைக்குள் 100 மில்லிலிட்டருக்கும் குறைவான நீர்மமே காணப்படும். உறுப்புகள் ஒன்றோடொன்று உராயாமல் வழுக்கிச் செல்ல அது உதவுகின்றது.

இவ்வறை தற்காப்பு இல்லாத வெற்றிடம் அன்று. முதலாவதாக, மூச்சின் ஒவ்வோர் அசைவிலும் வயிற்று நீர்மம் மேல்நோக்கி இழுக்கப்பட்டு, உதரவிதானத்தின் அடிப்புறத்திலுள்ள நுண்ணிய வாயில்கள் வழியே நிணநீர் நாளங்களுக்குள் செல்கின்றது. உதரவிதானத்தின் வழியே துகள்கள் நிணநீருக்குள் செல்வதை ஜெர்மானிய அறிஞர் ரெக்லிங்ஹௌசன் 1863ஆம் ஆண்டிலேயே விளக்கினார். இரண்டாவதாக, தொற்று ஏற்பட்டதும் வெள்ளணுக்கள் பெருந்திரளாக அங்கே வந்து சேர்கின்றன. மூன்றாவதாக, ஃபைப்ரின் என்னும் நார்ப்பொருள் சுரந்து குடல்மடிப்புகளை ஒட்டவைத்துத் தொற்று பரவாமல் வேலியிடுகின்றது. குடலின் முன்னே திரைபோலத் தொங்கும் கொழுப்பு மடிப்பும் துளை விழுந்த இடத்தில் சென்று ஒட்டிக்கொள்ளும். இம்மடிப்பை 'வயிற்றின் காவலர்' என்று அறுவை மருத்துவர்கள் நெடுங்காலமாக அழைத்து வருகின்றனர்.

ஆயினும் இந்த மூன்றாவது தற்காப்பு இருபுறமும் கூர்மையுள்ள வாள் போன்றது. நுண்ணுயிர்களைச் சிறைப்படுத்தும் அதே ஃபைப்ரின் வலை, வெள்ளணுக்களும் மருந்தும் உள்ளே நுழையவும் தடையாகின்றது. வயிற்றுக்குள் சீழ்க்கட்டி உருவாவது இவ்விதமே. பின்னர் வரும் செய்திகளை விளங்கிக்கொள்ள இதனை நாம் நினைவில் இருத்துதல் வேண்டும்.

தொற்று நிகழும் விதம்

குடலின் உட்புறம் நுண்ணுயிர்கள் வாழும் பேருலகமாகும். பெருங்குடலில் ஒரு கிராம் மலத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் கோடி பாக்டீரியாக்கள் உள்ளன. அவை குடலுக்குள் இருக்கும் வரை நமக்குத் தீங்கில்லை. பலவகையில் நன்மையே உண்டு. குடற்சுவரில் துளை விழுந்து அவை வெளியேறும்போதுதான் ஆபத்து தொடங்குகின்றது. வெடித்த குடல்வால், முன்சிறுகுடற் புண்ணில் விழும் துளை, குடற்காய்ச்சல் முற்றிய நிலையில் சிறுகுடலின் கடைப்பகுதியில் ஏற்படும் துளை, விபத்துக் காயம், முந்தைய அறுவையில் இட்ட தையல் பிரிந்து கசிதல் ஆகியன இதற்கான முக்கியக் காரணங்களாகும்.

வெளியேறும் நுண்ணுயிர்களில் இரு கூட்டத்தார் முதன்மையானவர். ஈ. கோலை முதலியவை உயிர்வளி உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் வாழக்கூடியன. பாக்டீராய்ட்ஸ் ஃப்ராஜிலிஸ் முதலியவை உயிர்வளியற்ற இடத்திலேயே செழிப்பன. 1970களில் எலிகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வுகள் இவ்விரண்டின் பங்கையும் தெளிவாகப் பிரித்துக் காட்டின. முதல் சில நாட்களில் நேரும் மரணத்திற்கு ஈ. கோலை வகையும், அதனைத் தாண்டிப் பிழைத்த விலங்குகளில் பின்னர் தோன்றும் சீழ்க்கட்டிக்கு உயிர்வளி விரும்பாத வகையும் பெரிதும் காரணமாயிருந்தன. ஜென்டாமைசின் மட்டும் பெற்ற எலிகளில் மரணம் குறைந்தது, கட்டிகள் குறையவில்லை. கிளிண்டாமைசின் மட்டும் பெற்றவற்றில் கட்டிகள் குறைந்தன. மரணம் அந்த அளவிற்குக் குறையவில்லை. இரு கூட்டத்தையும் ஒருசேர எதிர்க்கும் மருந்துத் திட்டமே இன்றுவரை பின்பற்றப்படுவதற்கு இவ்வாய்வுகள் அடிப்படையாயின.

முதலில் துளையை அடைத்தல்

மருந்தைப் பற்றிப் பேசுமுன், மருந்தே இல்லாத காலத்தில் மருத்துவர்கள் என்ன செய்தனர் என்பதை நோக்குவது பயனுடையது. குர்துபாவில் வாழ்ந்து கி.பி. 1013ஆம் ஆண்டளவில் மறைந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, 30 பகுதிகளைக் கொண்ட தம் 'அத்தஸ்ரீஃப்' என்னும் மருத்துவக் களஞ்சியத்தின் இறுதிப் பகுதியை அறுவை மருத்துவத்திற்கு ஒதுக்கினார். கி.பி. 12ஆம் நூற்றாண்டில் ஜெரார்ட் என்பவரால் இலத்தீனில் பெயர்க்கப்பட்ட அப்பகுதி, ஐரோப்பிய மருத்துவக் கூடங்களில் பல நூற்றாண்டுகள் பயிலப்பட்டது. அதில் வயிற்றுக் காயங்களைத் தைக்கும் முறைகள் விரிவாகப் பேசப்படுகின்றன. விலங்கின் குடலிலிருந்து திரிக்கப்பட்ட மெல்லிய இழையால் குடலைத் தைப்பதையும், பெரிய தலையுடைய எறும்புகளைக் காயத்தின் விளிம்புகளில் கடிக்கச் செய்து உடலை நீக்கிவிட்டுத் தலையை மட்டும் பற்றுக்கொக்கியாக விட்டுவைப்பதையும் அவர் குறிப்பிடுகின்றார். நுண்ணுயிர் என்னும் கருத்தே தோன்றாத அக்காலத்திலும் வெளியேறும் வழியை அடைப்பதே சிகிச்சையின் தொடக்கம் என்பது அறியப்பட்டிருந்தது.

நவீன காலத்தில் இவ்வுண்மையை ஒழுங்குபட்ட கோட்பாடாக நிறுவியவர் ஜெர்மானிய அறுவை மருத்துவர் மார்ட்டின் கிர்ஷ்னர் ஆவார். சீழ் நிறைந்த வயிற்றறை அழற்சிக்கான சிகிச்சை பற்றி 1926இல் அவர் வெளியிட்ட கட்டுரை, விரைந்து வயிற்றைத் திறந்து தொற்றின் மூலத்தை அகற்றுவதையும், கழிவுப் பொருளை வெளியேற்றுவதையும் சிகிச்சையின் அச்சாணியாக வைத்தது. பெனிசிலின் கண்டறியப்படுவதற்கும் இரண்டாண்டு முந்தைய காலம் அது. ஒரு துளி நுண்ணுயிர்க்கொல்லியும் இல்லாமலேயே, அறுவை முறை சீரடைந்ததால் இந்நோயின் மரணங்கள் குறைந்து வந்தன. இதனை நாம் மனத்தில் கொண்டால், பின்னர் வந்த மருந்துகள் எந்த அடித்தளத்தின் மீது நின்று பயனளித்தன என்பது விளங்கும்.

தூளும் கரைசலும்

ஜெர்மனியில் கெர்ஹார்ட் டோமாக் புரொன்டோசில் என்னும் சல்ஃபா மருந்தின் ஆற்றலை 1935இல் வெளியிட்டதும் மருத்துவ உலகம் பெரும் நம்பிக்கை கொண்டது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களின் முதலுதவிப் பையில் சல்ஃபா தூள் பொட்டலம் இடம்பெற்றது. காயத்தின் மேல் தூவப்பட்ட அத்தூளை அறுவை மருத்துவர்கள் வயிற்றறைக்குள்ளும் தூவினர். ஆனால் எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. போர்க்காலத்திலேயே ஃபிராங்க் மெலனி தலைமையில் நடந்த ஆய்வுகள், காயத்தில் தூவிய சல்ஃபா அங்கே தொற்றைக் குறைக்கவில்லை என்று காட்டின. காரணமும் அறியப்பட்டது. பாக்டீரியாக்கள் தமக்குத் தேவையான ஒருவகைச் சத்தினைத் தாமே ஆக்கிக்கொள்வதைத் தடுப்பதே சல்ஃபாவின் வேலை. சீழிலும் இறந்த திசுவிலும் அத்தேவையை ஈடுசெய்யும் பொருள்கள் ஏராளமாக உள்ளன. எனவே சீழுக்கு நடுவே இடப்பட்ட சல்ஃபா, உணவுக் கிடங்கிற்குள் இருப்பவரைப் பட்டினியிட முயல்வதைப் போன்றதாயிற்று. அத்துடன் கரையாத தூள் குடல்மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் காரணமாயிற்று.

அடுத்து வந்தது நியோமைசின். 1949இல் அறிமுகமான இம்மருந்து குடற்பாக்டீரியாக்களை அழிப்பதில் வல்லது. கரைசலாக ஊற்றுவதற்கும் எளிது. ஆனால் 1956இல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரை அதிர்ச்சி தரும் செய்தியைத் தெரிவித்தது. வயிற்றறைக்குள் நியோமைசின் இடப்பட்ட பின்னர் நோயாளியின் மூச்சு நின்றுபோனது. இம்மருந்து நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டு செல்லும் வேதிப்பொருள் சுரப்பதைத் தடுக்கக்கூடியது; மயக்க மருந்துகளின் விளைவோடு இது சேர்ந்தபோது மூச்சுத் தசைகள் செயலிழந்தன. தோற்பரப்பிற்குச் சமமான பரப்பும், நிறைந்த இரத்த ஓட்டமும் உடைய வயிற்றறை உறை, ஊற்றிய மருந்தை மிக விரைவாக உறிஞ்சி இரத்தத்தில் சேர்த்துவிட்டது. நோயுற்ற இடத்தில் மட்டும் நிற்கும் என்று கருதி இட்ட மருந்து, அளவு தெரியாத ஊசியாக மாறிவிட்டது.

1970களிலும் 80களிலும் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்து மருத்துவர்கள் டெட்ராசைக்ளின் கலந்த உப்புக் கரைசலால் வயிற்றறையைக் கழுவும் முறையைக் கையாண்டு நல்ல விளைவுகளைத் தெரிவித்தனர். அம்முறை பல நாடுகளிலும் பரவியது. எனினும் அங்கே கைதேர்ந்த அறுவை, கழுவுதல், இரத்தவழி மருந்து ஆகிய யாவும் ஒருங்கே நிகழ்ந்தன. நற்பலனில் கரைசலில் கலந்த மருந்தின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்தறிதல் எளிதாக இல்லை. இதனைப் பிரித்தறியத் தென்னாப்பிரிக்காவில் ஷைன் என்பாரும் அவருடைய குழுவினரும் நடத்திய ஆய்வு 1990இல் வெளியாயிற்று. நோயாளிகள் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர்க்குக் கழுவுதலே இல்லை. மற்றொரு பிரிவினர்க்கு வெறும் உப்புக் கரைசல். மூன்றாம் பிரிவினர்க்குக் குளோரம்ஃபெனிகால் கலந்த கரைசல். இரத்தவழி மருந்து அனைவர்க்கும் தரப்பட்டிருந்தது. மூன்று பிரிவினர்க்கும் இடையே மரணத்திலோ தொற்றிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

கழுவுதலைப் பற்றியே ஐயம் எழுந்தது இயல்பே. அமெரிக்காவில் குடல்வால் வெடித்த 220 சிறுவர்களிடம் லேப்ராஸ்கோப் வழியே நடந்த அறுவைகளை ஒப்பிட்ட ஆய்வு 2012இல் வெளியாயிற்று. சீழை உறிஞ்சி எடுத்ததோடு நிறுத்தியவர்களில் 19.1 விழுக்காட்டினர்க்கும், உறிஞ்சிய பின் உப்புக் கரைசலாலும் கழுவப்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினர்க்கும் பின்னர் சீழ்க்கட்டி தோன்றியது. இரண்டும் ஏறத்தாழ ஒன்றே.

மருந்து ஏந்திய பஞ்சுத் தகடு

கரைசல் விரைவில் உறிஞ்சப்பட்டுவிடுகின்றது என்றால், மருந்தை மெல்ல மெல்ல வெளியிடும் ஒரு பொருளில் அடக்கி வைக்கலாமே என்பது அடுத்த சிந்தனை. இதற்கு முன்மாதிரி எலும்பு மருத்துவத்தில் இருந்தது. ஜெர்மனியில் புக்கோல்ட்ஸ் என்னும் மருத்துவர் செயற்கை மூட்டைப் பொருத்தப் பயன்படும் சிமெண்டில் ஜென்டாமைசினைக் கலந்து 1970இல் அதன் பயனை வெளியிட்டார். இரத்த ஓட்டம் குறைந்த எலும்பிலும், இரத்தமே செல்லாத செயற்கை மூட்டைச் சுற்றியும் அம்முறை நல்ல பயனளித்து இன்றளவும் வழக்கிலுள்ளது.

அதனைத் தொடர்ந்து, விலங்குகளின் கொல்லாஜன் புரதத்தால் ஆன பஞ்சுத் தகட்டில் ஜென்டாமைசினை ஏற்றி வயிற்று அறுவைகளிலும் வைக்கலாயினர். தகடு உடலில் தானே கரைந்துவிடும். அதனை எடுக்க மறு அறுவை தேவையில்லை. நெதர்லாந்தில் 221 பேரிடம் பெருங்குடல் அறுவையில் நடத்தப்பட்டு 1997இல் வெளியான ஆய்வு பெருமகிழ்ச்சி அளித்தது. தகடு வைக்கப்படாதவர்களில் 18.4 விழுக்காட்டினர்க்குக் காயத்தொற்று ஏற்பட, தகடு வைக்கப்பட்டவர்களில் அது 5.6 விழுக்காடாக இருந்தது.

ஆனால் அமெரிக்காவில் 39 மருத்துவமனைகளில் 602 பேரிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான பேராய்வு முற்றிலும் எதிரான முடிவைத் தந்தது. வயிற்றுச் சுவரைத் தைத்தபின் தோலுக்கு அடியில் இரு தகடுகள் வைக்கப்பட்டவர்களில் 30 விழுக்காட்டினர்க்குத் தொற்று ஏற்பட்டது. வைக்கப்படாதவர்களில் அது 20.9 விழுக்காடே. மருந்து வைத்தும் பயனில்லாமற் போனது மட்டுமன்று, தீங்கே மிகுந்தது. இதற்குச் சில விளக்கங்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. தகட்டிலுள்ள மருந்து விரைவில் வெளியேறிவிட, எஞ்சிய தகடு காயம் ஒன்றுசேர்வதற்கு இடையூறான அந்நியப் பொருளாக நின்றிருக்கலாம். ஜென்டாமைசின் மட்டும் உயிர்வளி விரும்பாத பாக்டீரியாக்களை அழிக்காது என்பதும் கருத்திற்கொள்ளத்தக்கது. எவ்வாறாயினும், சில நூறு பேரிடம் கண்ட நற்பலனைக் கொண்டு ஒரு முறையை எங்கும் பரப்பிவிடுதல் எத்துணை இடர் நிறைந்தது என்பதற்கு இது பாடமாகும்.

வெற்றி கண்ட ஓர் இடம்

இதனால் வயிற்றறைக்குள் நேரே மருந்திடுதல் எங்குமே பயனற்றது என்று முடிவு கட்டிவிடலாகாது. சிறுநீரகம் செயலிழந்தோர் பலர், வயிற்றறைக்குள் குழாய் வழியே கரைசலை நிரப்பிச் சில மணி நேரம் கழித்து வடிக்கும் டயாலிசிஸ் முறையால் வாழ்கின்றனர். அக்குழாய் வழியே நுண்ணுயிர் நுழைந்து அழற்சி ஏற்படுமாயின், மருந்தை அந்தக் கரைசலிலேயே கலந்து வயிற்றறைக்குள் செலுத்துவதே முதன்மையான வழி என்று பன்னாட்டு டயாலிசிஸ் சங்கத்தின் வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. நோய் இரத்தத்திலும் பரவிவிட்ட நிலையில் மட்டுமே ஊசிவழி முன்னிடம் பெறுகின்றது.

ஒரே வயிற்றறை, ஒரே வகை மருந்துகள். ஓரிடத்தில் தோற்றது மற்றோரிடத்தில் வெல்வது ஏன்? டயாலிசிஸ் நோயாளியிடம் குடலில் துளை இல்லை. புதிது புதிதாக மலம் கசிவதில்லை. நுண்ணுயிர்களின் எண்ணிக்கை குறைவு. பெரும்பாலும் ஒரே வகை நுண்ணுயிரே காரணமாகும். கரைசல் ஆறு மணி நேரமேனும் உள்ளே தங்குகின்றது; அடுத்தடுத்தும் நிரப்பப்படுகின்றது; மருந்தின் அளவும் கணக்கிட்டு இடப்படுகின்றது. அறுவை அரங்கிலோ கரைசலை ஊற்றிச் சில நிமிடங்களில் உறிஞ்சி எடுத்துவிடுகின்றனர்.

இவற்றையெல்லாம் ஒருசேர நோக்கும்போது மூன்று நிபந்தனைகள் புலப்படுகின்றன. தொற்றின் ஊற்றுக்கண் அடைபட்டிருக்க வேண்டும். மருந்து போதிய நேரம் போதிய அளவில் தங்க வேண்டும். மருந்து வேலை செய்யக்கூடிய சூழல் அங்கே நிலவ வேண்டும். மூன்றாவதனைச் சற்று விளக்குவோம். ஜென்டாமைசின் போன்ற மருந்துகள் பாக்டீரியாவின் உள்ளே நுழைய உயிர்வளி சார்ந்த செயல்பாடு தேவை. சீழ்க்கட்டிக்குள் உயிர்வளி இல்லை. புளிப்புத் தன்மை மிகுதி. இத்தகைய இடத்தில் எத்துணை அடர்த்தியாக மருந்தை இட்டாலும் அதன் ஆற்றல் குன்றிவிடுகின்றது. அதனாலேயே சீழ்க்கட்டிக்கு முதல் மருந்து அதனை வடித்தல் ஆகும். இன்று சி.டி. ஸ்கேன், அல்ட்ராசவுண்ட் ஆகியவற்றின் துணைகொண்டு, வயிற்றைத் திறக்காமலேயே தோல் வழியே வடிகுழாயைச் செலுத்திப் பல கட்டிகளை வடித்துவிட முடிகின்றது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எலும்பைப் போலன்றி வயிற்றறை உறை இரத்த ஓட்டம் நிறைந்தது. இரத்தத்தில் செலுத்தும் மருந்து அங்கே நன்றாகவே சென்று சேர்கின்றது. அது மட்டுமன்று, கத்தி படுவதற்கு முன்னரே திசுக்களில் மருந்தை நிரப்பி வைக்க இரத்தவழியால் இயலும். ஜான் பர்க் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் கினிப் பன்றிகளில் நடத்தி 1961இல் வெளியிட்ட ஆய்வு, நுண்ணுயிர் நுழையுமுன் திசுவில் மருந்து இருந்தால் பெரும் பயன் என்றும், நுழைந்து மூன்று மணி நேரம் கடந்தபின் தரும் மருந்தால் பயனில்லை என்றும் காட்டியது. அறுவை முடியும் வேளையில் ஊற்றும் கரைசலுக்கு இந்த வாய்ப்பு இல்லை.

இன்றைய நிலை

இச்சான்றுகளின் விளைவாக இன்றைய வழிகாட்டுதல்கள் எச்சரிக்கையோடு பேசுகின்றன. அறுவைக் காயத்தொற்றுத் தடுப்புப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட பரிந்துரைகள், தைப்பதற்கு முன் காயத்தை நுண்ணுயிர்க்கொல்லிக் கரைசலால் கழுவ வேண்டாம் என்று கூறுகின்றன. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2017இல், அறுவைக் காயத்தின் மேல் இம்மருந்துகளைத் தூளாகவோ களிம்பாகவோ கரைசலாகவோ இட வேண்டாம் என்று அறிவுறுத்தியது. அறுவை அரங்குகளில் கழுவுவதற்குப் பரவலாகப் பயன்பட்டு வந்த பாசிட்ராசின் ஊசிமருந்தைச் சிறுநீரகப் பாதிப்பு, கடும் ஒவ்வாமை ஆகிய காரணங்களால் திரும்பப் பெறுமாறு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 ஜனவரியில் கேட்டுக்கொண்டது.

நுண்ணுயிரெதிர்ப்புப் பொருளான டிரைக்ளோசான் பூசிய தையல் நூல் பற்றியும் இருவேறு முடிவுகள் உள்ளன. உலக சுகாதார நிறுவனம் 2016இல் அதனைப் பரிந்துரைத்தது. இந்தியா உள்ளிட்ட ஏழு நாடுகளில் 5,788 பேரிடம் வயிற்று அறுவையில் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வோ, சாதாரண நூலைக் காட்டிலும் அதனால் கூடுதல் பயனில்லை என்று கண்டது. வளம் குன்றிய மருத்துவமனைகள் விலை மிகுந்த பொருளுக்குச் செலவிடுமுன் சிந்திக்க வேண்டிய செய்தி இது.

ஆராய்ச்சி ஓய்ந்துவிடவில்லை. கொழுப்பும் பாலிமரும் கலந்த ஊடகத்தில் டாக்சிசைக்ளினை அடக்கி, ஏறத்தாழ ஒரு மாதம் சிறிது சிறிதாக வெளியிடும் தயாரிப்பு ஒன்று பெருங்குடல் அறுவைக் காயங்களில் சோதிக்கப்பட்டுள்ளது. 2022இல் அறிவிக்கப்பட்ட முதல் பேராய்வு அதன் முதன்மை இலக்கை எட்டவில்லை. 2025இல் அறிவிக்கப்பட்ட இரண்டாம் பேராய்வு நற்பலன் காட்டியதாக அதன் தயாரிப்பு நிறுவனம் தெரிவித்துள்ளது. பஞ்சுத் தகட்டின் வரலாற்றை அறிந்த நாம் இத்தகைய செய்திகளை நம்பிக்கையோடும் பொறுமையோடும் நோக்க வேண்டும்.

இரத்தவழி மருந்தின் கால அளவும் குறைந்து வருவதை இங்குக் குறிப்பிட வேண்டும். 518 பேரிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான அமெரிக்க, கனடிய ஆய்வில் அனைவர்க்கும் தொற்றின் மூலம் முறையாக அகற்றப்பட்டிருந்தது. அதன்பின் ஏறத்தாழ நான்கு நாட்கள் மட்டும் மருந்து பெற்றவர்களில் 21.8 விழுக்காட்டினரும், அறிகுறிகள் தணியும் வரை நெடுநாள் பெற்றவர்களில் 22.3 விழுக்காட்டினரும் காயத்தொற்று, மறுதொற்று, மரணம் ஆகியவற்றுள் ஒன்றை எதிர்கொண்டனர். ஊற்றுக்கண் அடைபட்டபின் மருந்தை நீட்டிப்பதால் வரும் ஆதாயம் இல்லை என்பதே இதன் பொருள்.

முடிவுரை

இவை மருத்துவர்களுக்கு மட்டும் உரிய செய்திகள் அல்ல. 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேர்க்காரணமாக உலகெங்கும் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக ஒரு பேராய்வு கணித்துள்ளது. பயனில்லாத இடத்தில் பயன்படுத்தப்படும் ஒவ்வொரு துளி மருந்தும் பயனுள்ள இடத்தில் அதன் கூர்மையை மழுங்கச் செய்கின்றது. 'ஆன்டிபயாடிக்கைக் கூடுதலாகவே இடுங்கள்' என்று வற்புறுத்தும் உறவினர்கள், தம் அன்பினாலேயே அடுத்த நோயாளிக்குரிய மருந்தைச் செலவழித்துவிடுகின்றனர் என்பதை உணர்தல் வேண்டும்.

அதனினும் பெரியது காலத்தின் மதிப்பு. தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலப்புற அடிவயிற்றுக்கு நகரும் வலி, பலகைபோல் இறுகும் வயிறு, வலியுடன் கூடிய காய்ச்சல், வாந்தி, மலமும் காற்றும் பிரியாமை ஆகியவை தோன்றிய பின்னரும் கடையில் வாங்கிய மாத்திரைகளை விழுங்கி நாட்களைக் கடத்துவோர் நம்மிடையே இன்றும் உள்ளனர். வலி சற்றுத் தணிவதை நோய் தீர்ந்ததாக அவர்கள் எண்ணிவிடுகின்றனர். குடல்வால் வெடித்த பின்னரும் வலி சிறிது நேரம் தணிந்ததுபோல் தோன்றுவதுண்டு. துளையைத் தைக்கவோ கட்டியை வடிக்கவோ எந்த மாத்திரையாலும் இயலாது.

மூலத்தை அகற்றும் கை, அதற்குத் துணை நிற்கும் மருந்து என்னும் வரிசையை மாற்றியமைக்க முயன்ற முயற்சிகள் பெரும்பாலும் தோற்றன. அவ்வரிசையை மதித்து, மருந்து தங்கவும் வேலை செய்யவும் தக்க இடத்தைத் தேர்ந்தவை வென்றன. வயிற்றறை பற்றிய இந்நெடிய ஆராய்ச்சியின் சாரம் இதுவே எனலாம்.